கூறைப்புடவையில் ஓட்டை: பழி பாய்க்கா, குருவிக்கா?

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன். கொழுந்தனாருக்குத் தை மாதம் கல்யாணம். அரங்கில் (வீட்டின் உள்ளறையில்) இருக்கும் பழைய மர பீரோவை ஒழுங்குபடுத்தலாம் என்று திறந்திருக்கிறார். கணவரின் ஆச்சி கட்டிய கூறைப்புடவையை எடுத்து விரித்தால் மடிப்பு நெடுக ஓட்டை. உதறியதும் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் முடியோடு சின்னப் புழுக்கள் நாலைந்து விழுந்தன. அதே உருவத்தில் வெறும் தோல்களும் விழுந்தன. அதே வாரத்தில் நான்கு வயது மகளுக்கு முதுகிலும் கழுத்திலும் சிவந்த தடிப்பு. கல்யாணத்துக்கென்று மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு பத்தமடையில் நெய்து வாங்கிய பாய், பீரோவை ஒட்டித்தான் சாத்தி வைத்திருந்ததாம். "புழு நீ வாங்கிட்டு வந்த பாயோடதான் வந்திருக்கு" என்று மாமியார் சொல்லிவிட்டார். கணவரோ தார்சாவில் (முன்கூடத்தில்) குருவிக் கூட்டுக்குக் கீழே அதே புழுவைப் பார்த்ததால், கூட்டைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்கிறார். அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர், நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை என்று சொல்லி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு நாலைந்து கொடுத்திருக்கிறார். மருந்தடிக்க வந்த ஆள் வீடு முழுக்க அடித்தால்தான் போகும் என்கிறார். "யார் சொல்வது சரி? பிள்ளையைப் புழு கடிக்கிறதா? புடவையைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்டு, இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

புழுவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த மாத்திரை.

மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள்

நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரை என்றால் அது பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே போதும், அதிலிருந்து பாஸ்பின் என்ற நச்சு வாயு கிளம்பும். கிட்டங்கியில் மூட்டைகளை உறை போட்டு மூடி, ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது. உங்கள் மர பீரோ காற்றுப் புகாத பெட்டி இல்லை. பூட்டினாலும் இடுக்கு வழியாக வாயு அரங்குக்கு வரும், அங்கிருந்து பட்டாசலில் (கூடத்தில்) தூங்கும் பிள்ளைக்கு வரும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு இதை அனுமதிக்கவும் இல்லை. அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே, நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். உங்கள் கணவரின் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனாலும் அவர் அதை வெளியே கொடுத்திருக்கவே கூடாது.

உறை பிரிக்காமல் இருந்தால், வீட்டுக்குள் வைக்காமல், இன்றைக்கே கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பஸ்ஸிலோ காரிலோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எடுத்துப் போக வேண்டாம். ஈரக்கையால் தொடக் கூடாது. தண்ணீரில் கரைத்து ஊற்றுவது, கக்கூஸில் போடுவது எதுவும் கூடாது. ஒருவேளை பீரோவுக்குள் ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், பீரோவைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பூண்டு நாற்றம் வந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், நாற்றமே தெரியாமலும் இருக்கும். யாருக்காவது தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108.

சரி, இனி புழு.

உங்கள் முதல் படத்தில் இருப்பது கம்பள வண்டின் புழு. அன்த்ரீனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளம், உடம்பின் குறுக்கே வெளிறியதும் கருத்ததுமாகப் பட்டைகள், வால்பக்கம் கொத்துக்கொத்தாக முடி. ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், அந்த வால்முடி விசிறி மாதிரி விரியும். புடவையில் கிடந்த வெற்றுத் தோல்கள் செத்த புழுக்கள் அல்ல. வளர வளர அது தோலை உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும், அதனால் ஐம்பது தோல் கிடந்தால் ஐம்பது புழு என்று பயப்பட வேண்டாம். துணி அரிக்கும் அந்துப்பூச்சியாக இருந்தால் நூலாம்படை போல இழையோ, நூல் சுற்றிய கூடோ கிடந்திருக்கும்.

உங்கள் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முந்தானைப் பக்கத்து ஓட்டையில் பட்டு முழுக்கப் போய்விட்டது, சரிகை இழைகள் மட்டும் ஓட்டையின் குறுக்கே அறுபடாமல் நிற்கின்றன. உங்களுக்கு வயிற்றெரிச்சல், எனக்கு அதுதான் சாட்சி. எலி கடித்திருந்தால் சரிகையும் அறுந்திருக்கும். இது விலங்கிலிருந்து வந்த இழையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றிருக்கிறது.

இந்தப் புழுவின் பிழைப்பே அதுதான். முடி, இறகு, கொம்பு, நகம், தோல், கம்பளி, பட்டு, செத்த பூச்சிகளின் உடல் என்று மற்றவை சீந்தாத காய்ந்த மிச்சங்கள்தான் அதற்குத் தீனி. முடியும் இறகும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அதில் கந்தகப் பிணைப்புகள் இறுக்கமாக இருப்பதால் பெரும்பாலான விலங்குகளுக்குச் செரிக்காது. செரிக்க வைக்கும் சில பூச்சிகளில் கம்பள வண்டுக் குடும்பமும் ஒன்று. காட்டில் ஒரு மிளா (கடமான்) செத்துக் கிடந்தால் முதலில் ஈக்கள் வரும். சதையெல்லாம் போய்த் தோலும் நரம்பும் எலும்பும் காய்ந்த பிறகு இந்தக் குடும்பத்தின் பெரிய வண்டுகள் வரும். எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்ய இயற்கை அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெட்டியில் வைத்து வளர்க்கவும் செய்கின்றன. நீங்களே அவற்றைப் பார்த்திருப்பீர்கள். உவரிப் பக்கமிருந்து வாங்கி வந்த கருவாட்டைச் சரியாகக் காயவைக்காமல் பானையில் போட்டு வைத்தால் கருப்பாக ஊருமே, அந்த வண்டுகள்தான். கோதுமைக் கிட்டங்கிகளைப் பாழாக்கும் கப்ரா வண்டும் இதே குடும்பம். சொந்தத்துக்குள்ளேயே ஒருவர் சைவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு உதவும் அதே குடும்பம் அதற்கு எதிரியும்கூட. பாடம்பண்ணி வைத்த பூச்சிகளைத் தின்று தூளாக்கும் ஓர் இனத்துக்கு, 1761இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், அருங்காட்சியகத்தின் பெயரையே வைத்துவிட்டார்.

வளர்ந்த வண்டு துணியைத் தொடாது. 2, 3 மில்லிமீட்டரில் உருண்டையாக, கருப்பில் வெள்ளையும் மஞ்சளுமாகச் செதில் புள்ளிகளோடு ஜன்னல் கட்டையில் ஊர்ந்துகொண்டிருக்கும். வெளிச்சத்தைத் தேடி வெளியே போய்ப் பூந்தாதும் தேனும் உண்ணும். கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் அந்த வெள்ளைப் பூங்கொத்தில் பார்க்கலாம். முட்டையிடும் நேரத்தில்தான் பறவைக் கூட்டையோ, குளவிக் கூட்டையோ, உங்கள் பீரோவையோ தேடும். புழு நேர்மாறு, இருட்டுப் பிராணி. அதனால்தான் புடவையின் மடிப்புக்குள் இருந்தது.

பிள்ளையைக் கடிக்கிறதா?

கடிக்காது, ரத்தம் குடிக்காது. ஆனால் தடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதன் வால்பக்கத்து முடிகளின் நுனி ஈட்டிமுனை போல இருக்கும், எளிதில் உதிரும். எறும்பு போன்ற எதிரிகள் நெருங்கினால் சிக்க வைப்பதற்காக அமைந்த ஆயுதம் அது. (அதற்கும் ஓர் எதிராளி உண்டு. ஒரு வகைச் சின்னக் குளவி, புழுவைக் கொட்டி மயக்கி, முட்டை ஒட்டப்போகும் இடத்தில் இருக்கும் முடிகளைப் பிடுங்கிவிட்டு அப்புறம்தான் முட்டையிடும்.) அந்த முடிகள் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பும் சிவந்த தடிப்பும் வரும். கார்த்திகை மழையில் குளிருக்காக அதே பீரோவிலிருந்து பழைய கம்பளியை எடுத்து மகளுக்குப் போர்த்தியதாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்தக் கம்பளி மேல்தான். வெளியே கொண்டுபோய் வெள்ளைத் துணியின் மேல் உதறிப் பாருங்கள், தோலும் மணல் போன்ற எச்சமும் விழுந்தால் உறுதி.

ஆனால் நான் பூச்சி படித்தவன், தோல் மருத்துவன் இல்லை. சொறிசிரங்கு, மூட்டைப்பூச்சிக் கடி என்று தடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இரவில் அரிப்பு கூடுகிறதா, விரலிடுக்கில் இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். புழுவின் படத்தையும் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். சிரங்காக இருந்தால் நோய் மறைந்து பரவும்.

பாய் நிரபராதி

கோரை, புல்லைப் போன்ற ஒரு செடி. தாமிரபரணிக் கரையில் விளைந்ததை அறுத்து, கீறி, காயவைத்து, ஊறவைத்து நெய்கிறார்கள். அதில் இருப்பது செல்லுலோஸ், இந்தப் புழுவுக்கு அது உணவே அல்ல. பாவு (பாயில் நெடுக ஓடும் நூல்) பருத்தி நூலாக இருந்தால் அதையும் விட்டுவிடும். பட்டு நூல் பாவு போட்ட பாய் என்றால் மட்டும் பீரோவை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். இன்னொன்று, பாய் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்கிறீர்கள். அவ்வளவு தோல் உரித்துப்போட புழுவுக்கு மாதக்கணக்கில் ஆகும், தீனி குறைந்தால் ஒரு வருடத்தைத் தாண்டியும் புழுவாகவே கிடக்கும். பாய் வருவதற்கு வெகு முன்பே இவை பீரோவில் இருந்திருக்கின்றன. இதை உங்கள் அத்தையிடம் நீங்கள் சொன்னால் பதில் பேச்சாகப் போய்விடும். உங்கள் கணவரை இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் எங்கிருந்து? உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்த்தட்டில், பித்தளைச் செம்புக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி மூட்டை, அதன் முடிச்சு வழியாகக் கருப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆச்சியின் சவுரியா அது? அந்தக் காலத்துப் பெண்கள் சீவும்போது உதிரும் முடியைச் சேர்த்துச் சவுரி கட்டி வைத்திருப்பார்கள். மனித முடி சுத்தக் கெரட்டின், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கோடு. இந்தப் புழுவுக்கு அதைவிட நல்ல சத்திரம் கிடையாது. மூட்டையை அரங்கில் பிரிக்காதீர்கள், பாலித்தீன் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோய்ப் பிரியுங்கள். ஆச்சியின் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கீழே புடவைக்குச் சொல்லும் வைத்தியத்தையே செய்து இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். இல்லையென்றால் மண்ணில் புதைத்துவிடலாம்.

மூட்டையோடு நிறுத்த வேண்டாம். பீரோவை நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள். செத்த பல்லி, கரப்பான், முடிச்சுருள், மூலையில் மண் குளவிக்கூடு. ஐப்பசி மழைக்கு வந்த ஈசல் குழல்விளக்கின் மேல் குவிந்திருக்கும், அதையும் தட்டுங்கள். குளவிக் கூட்டுக்குள் குளவி அடைத்துவைத்த சிலந்திகளின் மிச்சம் இருக்கும், புழுவுக்கு அது தனி விருந்து. வாக்குவம் கிளீனர் இரவல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஈர்க்குச்சியால் இடுக்குகளைக் கிளறி ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இந்தப் பூச்சி விஷயத்தில் பாதி வெற்றி, அது எதைத் தின்று வளர்கிறது என்று கண்டுபிடித்து அப்புறப்படுத்துவதில் இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த மருந்தை அடித்தாலும் மறுபடி வரும்.

புடவைக்கும் துணிகளுக்கும்

பருத்தித் துணிகளுக்கு வெந்நீர்த் துவைப்பும் சூடான இஸ்திரியும் போதும். பருத்தியை அது உணவாகத் தின்னாது என்றாலும் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்டிருந்தால் கடித்து வைக்கும். கம்பளியை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டு, புரட்டிப் புரட்டித் தட்டுங்கள். வெளிச்சமும் சூடும் பொறுக்காமல் புழு கீழே விழும். வெயிலில் போடுவதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்க வேண்டாம்.

கூறைப்புடவையை வெயிலில் போடக் கூடாது, நிறம் போய்விடும். நிழலில் விரித்து மென்மையான பிரஷ்ஷால் மடிப்புகளை வருடி எடுங்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டிவிட்டு, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். ஐஸ் வைக்கும் சின்ன அறை மட்டும் உள்ள ஃப்ரிட்ஜ் அவ்வளவு குளிராது, டீப் ஃப்ரீசர் வைத்திருக்கும் தெரிந்த கடைக்காரரிடம் கேளுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். உறைந்த பட்டை மடக்கவும் வேண்டாம். வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் சரிகையில் நீர் கோக்காது. முட்டை, புழு, எல்லாம் செத்திருக்கும். இப்போது ஆரம்பித்தால் தைக்குள் முடிந்துவிடும். ஓட்டைகளை இழை கோத்துத் தைத்துத் தரும் ஆட்கள் பாளையங்கோட்டையிலோ டவுனிலோ விசாரித்தால் கிடைப்பார்கள். முந்தானை பெரிதும் போயிருந்தால் கட்டுவதற்கு ஆசைப்படாமல் நல்ல பகுதியை எடுத்து வைப்பது உத்தமம்.

பீரோவில் அத்தை பாச்சை உருண்டை நிறையப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடுக்குள்ள பீரோவில் அதன் ஆவி நிற்காது, புழு சாகாது. கல்யாணத்துக்கு உங்கள் மதினி கைக்குழந்தையோடு வருகிறார் அல்லவா? ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் உருண்டை வைத்த துணியால் ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரும். அந்தக் குறைபாடு இருப்பதே பல வீடுகளில் தெரிந்திருக்காது. குழந்தைத் துணியை அந்தப் பீரோவில் வைக்கவே வேண்டாம். வசம்பு, வேப்பிலை வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அவை தீர்த்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

குருவிக் கூடு

உங்கள் கணவர் பார்த்தது சரிதான். குருவிக் கூட்டில் இறகும், உதிர்ந்த தோலும், செத்த பூச்சியும் இருப்பதால் இந்தப் புழு அங்கே இருப்பது இயல்பு. பீரோவுக்கு அது வந்த வழிகளில் கூடும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் குஞ்சு இருக்கும் கூட்டைப் பிரிக்க நான் சொல்ல மாட்டேன். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் எச்சத்தையும் இறகையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு அவற்றைக் காத்துவருகிறார்கள். அத்தனை இறகையும் மக்க வைப்பதில் இந்த வண்டுக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. ஒரு குருவிக் கூட்டை நாம் பொறுக்க முடியாதா?

பொறுப்பது என்றால் அப்படியே விடுவது அல்ல. குஞ்சுகள் பறந்து போனதும், அடுத்த முட்டைக்கு முன் பழைய கூட்டை எடுத்து வெளியே எருக்குழியில் போடுங்கள். காலியான கூட்டை விட்டு வைத்தால் தீனி தீர்ந்த புழுக்கள் வீட்டுக்குள் இறங்கும். அதே தார்சாவில், அரங்கு வாசலிலிருந்து எட்டத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டினால் குருவி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக மருந்தடிப்பவர். சுவர் முழுக்க அடிக்கும் மருந்து மடிப்புக்குள் இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது. கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களும் பிள்ளைகளும் படுக்கும் தரையில்தான் அது தங்கும். நான் மேலே சொன்னதையெல்லாம் செய்து, கல்யாணமும் முடிந்து, இரண்டு மாதம் கழித்தும் புதிய தோல்கள் விழுந்தால் அப்போது அழைக்கலாம். அழைக்கும்போது கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968இன்படி வணிகமாக மருந்தடிப்பவருக்கு உரிமம் வேண்டும், காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பீரோவின் பின்பக்க இடுக்கு, சுவர் வெடிப்பு, இவ்வளவுக்கு மட்டும் அடித்தால் போதும் என்று சொல்லுங்கள். "வீடு முழுக்க அடிச்சாத்தான் கேரண்டி" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

புழு மறுபடி கிடைத்து அடையாளம் உறுதிப்படுத்த வேண்டும் என்றால், செலோடேப்பில் ஒட்டி வைக்காதீர்கள், முடியெல்லாம் பிய்ந்துவிடும். சின்ன மருந்துப் புட்டியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு, எந்த அறை, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.